குளிசை தொடங்கிய பிறகு விரல்கள் வெளிறிப் போகின்றன, வேறு யாருக்காவது இப்படி?

வாடைக்காற்று
திங்கள், இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 33 வயது. நல்லூர்ப் பக்கம் வீடு, கணக்கு எழுதும் வேலை. போன ஆடியில்தான் மனநல வைத்தியர் எனக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நில்லாத குறைபாடு, என்று உறுதிப்படுத்தினார். ஆவணியிலிருந்து மெதில்பெனிடேட் 10 மில்லிகிராம் குளிசை, காலை எட்டு மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று. ஐப்பசியில் அதை ஒவ்வொரு வேளைக்கும் 20 ஆக்கினார்கள். குளிசை நன்றாக வேலை செய்கிறது. ஒரு பக்கக் கணக்கை எழும்பாமல் இருந்து முடிக்கலாம் என்பதே எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குளிசையைக் குறை சொல்ல வரவில்லை.

பிரச்சினை விரல்களில். இது திருவெம்பாவைக் காலம். விடிய நாலரைக்கு எழும்பி, கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவது சின்ன வயதிலிருந்தே பழக்கம். முந்தாநாள் குளித்து முடித்துத் துவாயை எடுக்கிறேன், வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாவது கணு வரைக்கும் வெள்ளை. சாம்பலோ மங்கலோ இல்லை, சுண்ணாம்பு வெள்ளை. கோடு கீறிய மாதிரி ஓரிடத்தில் வெள்ளை நின்று, அதற்குக் கீழே வழமையான நிறம். கிள்ளிப் பார்த்தேன், தெரியவில்லை. பத்து நிமிடத்தில் நீலமாகி, பிறகு சிவந்து, ஊசி குத்துவது போல எரிந்து, பழைய நிலைக்கு வந்தது. அம்மா கண்டுவிட்டு, "உது என்ன மகன், வெண்குட்டம் துடங்குதோ?" என்று பயந்துபோனார்.

வேலைத்தலத்திலும் இரண்டு முறை வந்திருக்கிறது. ஏசி நேரே என் மேசைக்கு அடிக்கும். பத்தரை, பதினொரு மணிபோல மவுசைப் பிடித்திருக்கும் கை விறைத்துவிடுகிறது.

இன்ரர்நெட்டில் தேடினால் பசியின்மை, நித்திரையின்மை, தலையிடி, இந்த மூன்றையும்தான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். விரல் வெள்ளையாவதைப் பற்றித் தமிழில் ஒரு வரியும் காணவில்லை. அடுத்த கிளினிக்குக்கு மூன்று கிழமை இருக்கிறது. குளிசையை நிறுத்தவா, பொறுத்துப் பார்க்கவா? யாருக்காவது இப்படி நடந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.


கோண்டாவில் அம்மா
திங்கள், இரவு 10.05

தம்பி, விரல் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் வேறொரு விஷயத்தை ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உங்கள் பதிவைப் பார்த்ததும் எழுதவேண்டும் போல இருந்தது.

என் மகனுக்குப் பத்து வயது. அவனுக்கும் இதே குளிசைதான். கூட்டிக் கொடுத்த முதல் கிழமை, பின்னேரம் ரியூசனுக்குப் போய் வந்து, "அம்மா, சேட்டுக்குள்ள எறும்பு ஊருது" என்று கழற்றி உதறினான். ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் அதே. கையில் ஊருது, கழுத்தில் ஊருது என்று சொறிந்து சொறிந்து தோல் உரிந்துவிட்டது. மெத்தையை முற்றத்தில் காயப்போட்டேன், தலையணை உறைகளை அவித்துத் தோய்த்தேன், கட்டில் காலுக்கு மஞ்சள் தூவினேன். என் மாமியார் நூல் கட்டுவிக்கவேண்டும் என்றார், கட்டுவித்தோம். நான்காம் நாள் அவன், "சுவரில புழு போகுது" என்றான். அங்கே எதுவும் இல்லை. அந்த இரவு நான் நித்திரை கொள்ளவே இல்லை.

பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று ஊர் கதைக்கும் என்ற பயத்தில் ஐந்து நாள் வைத்தியரிடம் போகாமல் இருந்துவிட்டேன். போனபோது அவர் அதிசயப்படவே இல்லை. சில பிள்ளைகளுக்கு இது வரும், குளிசையை உடனே நிறுத்துங்கள், இரண்டு நாளில் போகும் என்றார். ஒரே நாளில் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து அவரே மிகக் குறைந்த அளவில், அவரின் கண்காணிப்பில் திரும்பத் தொடங்கினார். இப்போது எறும்பும் இல்லை, புழுவும் இல்லை.

அந்த ஐந்து நாளும் என் பிள்ளை தனியே பயந்துகொண்டிருந்தான் என்பது இன்றைக்கும் நெஞ்சைப் பிசைகிறது. அதனால்தான் எழுதினேன்.


மருந்தாளர்
திங்கள், இரவு 11.30

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பாமசியில் வேலை செய்யும் மருந்தாளர். வைத்தியர் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அக்காவுக்கு. நீங்கள் கண்டது அபூர்வம்தான், ஆனால் மருத்துவ உலகத்துக்குப் புதிதில்லை. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏ.டி.எச்.டி. மருந்து எடுத்த பிள்ளைகள் சிலர் பூச்சி, புழு, பாம்பு ஊர்வதாக உணர்ந்ததையும் கண்டதையும் அதில் தொகுத்திருந்தார்கள். முன்பு மனநோய் எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கும் இது வந்திருக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும். பிள்ளை பொய் சொல்லவில்லை, பேயும் பிடிக்கவில்லை. தோலின் மேல் இல்லாத ஊர்வை மூளை உண்டாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அப்படி நடந்தால் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

இனி வாடைக்காற்று தம்பிக்கு. நீங்கள் எழுதிய வெள்ளை, நீலம், சிவப்பு என்ற வரிசைக்குப் பெயர் ரேனோ. மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு வைத்தியர் 1862 இல் எழுதியது. விரலுக்குப் போகும் சின்ன இரத்தக்குழாய்கள் குளிருக்கு அளவுக்கு மிஞ்சிச் சுருங்கிவிடுகின்றன. இரத்தம் நின்றால் வெள்ளை. மிச்ச இரத்தத்தில் ஒட்சிசன் முடிய நீலம். குழாய் திறந்து இரத்தம் பாய்ந்து வரும்போது சிவப்பும் எரிவும்.

குளிசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மெதில்பெனிடேட் மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தை மட்டும் கூட்டுவதில்லை, நோர் அட்ரினலின் என்ற இன்னொன்றையும் கூட்டுகிறது. இரத்தக்குழாயைச் சுருக்குவது அந்த இரண்டாவதின் வேலை. அதே காரணத்தால்தான் நாடித்துடிப்பும் பிறசரும் (இரத்த அழுத்தம்) கொஞ்சம் ஏறுகின்றன. சராசரியாகப் பார்த்தால் நாடி நிமிடத்துக்கு 3 முதல் 6 வரையும், பிறசர் 2 முதல் 4 வரையும் கூடும். 2013 இல் அமெரிக்காவில் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் விளக்கத் தாளிலும் ரேனோ எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். ஆகவே இது உங்கள் மனப்பிரமை இல்லை.

அம்மாவிடம் வெண்குட்டம் இல்லை என்று சொல்லுங்கள். வந்து போகும் வெள்ளை வேறு, நிறமியே அழிவது வேறு. மெதில்பெனிடேட்டைத் தோலில் ஒட்டும் ஒட்டுத்துண்டாகவும் செய்கிறார்கள். அதனால் தோல் நிரந்தரமாக வெளுக்கலாம் என்று 2015 இல் எச்சரித்தார்கள். அது அந்த ஒட்டுத்துண்டின் பிரச்சினை. நீங்கள் எடுப்பது குளிசை.

ஆனால் உங்கள் பதிவில் ஒரு விஷயம் எனக்கு ஒத்துவரவில்லை. மத்தியானம் எடுக்கும் சாதாரண மெதில்பெனிடேட் மூன்று, நான்கு மணித்தியாலம் வேலை செய்யும். விடிய நாலரைக்கு உங்கள் உடம்பில் அது அனேகமாக இல்லை. ஏசிக்குக் கீழே பதினொரு மணிக்கு வந்தது விளங்குகிறது. கிணற்றடியில் வந்தது ஏன்? வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள்? சளிக்கு, பிறசருக்கு, தலையிடிக்கு, எதுவென்றாலும் சொல்லுங்கள். புகைப்பீர்களா?


வல்லிபுரம்
செவ்வாய், காலை 6.10

நான் வயதானவன். கோபிக்கவேண்டாம். எங்கள் காலத்திலும் ஓடித் திரிந்த பெடியள் இருந்தார்கள், இப்படிக் குளிசை இருக்கவில்லை. வல்லாரைச் சம்பலும், விடியக் குளிப்பும், ஒரு தோட்ட வேலையும் இருந்தது. என் தங்கையின் பேரன் இந்தக் குளிசை எடுத்து ஒரே வருடத்தில் எலும்பும் தோலுமானான். மத்தியானச் சோற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. விரல் செத்துப்போகிற அளவுக்கு ஒரு மருந்து தேவையா என்று யோசித்துப் பாருங்கள். அக்கறையில்தான் கேட்கிறேன்.


பூவரசு
செவ்வாய், காலை 7.45

வல்லிபுரம் ஐயா, உங்கள் அக்கறை விளங்குகிறது. நானும் வடமராட்சியில் வல்லாரையோடு வளர்ந்தவள்தான். 29 வயது, ஆசிரியை. பிந்தாமல் பள்ளிக்கூடம் போவதற்கே நான் பட்ட பாட்டை எழுதினால் இந்த இழை போதாது. குளிசை எனக்குத் தேவை. ஆனால் குளிசையால் உடம்பில் நடப்பதை மூடி மறைக்கவும் தேவையில்லை. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியும்.

எனக்கு வந்தது வாயில். பகல் முழுக்கத் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன், எனக்கே தெரியாது. கரும்பலகையில் எழுதும்போது கடைவாய் வலிக்கத் தொடங்கும். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பதாகத் தங்கை சொன்னாள். ஆறு மாதத்தில் கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்தது. பல் வைத்தியர் பார்த்துவிட்டு, "என்ன கடினமான சாமான் கடிச்சனீங்கள்?" என்று கேட்டார். நான் கடித்தது என் பல்லைத்தான்.

அதோடு வாய் வறட்சி. எச்சில் இல்லாவிட்டால் பல் பழுதாகும் என்று அவர்தான் விளங்கப்படுத்தினார். நான் வறட்சிக்கு என்று நாள் முழுக்கப் பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே வருடத்தில் நான்கு பல் அடைத்தது அதனால்தான். இப்போது தண்ணீர்ப் போத்தல், சீனி இல்லாத சூயிங்கம், இரவுக்குப் பல்லுக்குப் போடும் உறை. அப்புறம் காலையில் எடுத்த இரண்டு பிளேன்ரீயை ஒன்றாக்கினேன். தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கிற கஃபீன் இந்த இறுக்கத்தை இன்னும் கூட்டும். குறைத்த ஒரு கிழமையில் வித்தியாசம் தெரிந்தது.

நகத்தைச் சுற்றித் தோலைப் பிய்ப்பதும் உண்டு. குளிசை ஏறியிருக்கும் நேரத்தில் கவனம் ஒன்றிலே ஒட்டிக்கொள்ளும். அது சில நாள் திருத்தவேண்டிய கொப்பிகளில் ஒட்டும், சில நாள் பெருவிரல் தோலில் ஒட்டும். இதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். போன வருடம் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மூன்றாம் நாள் நெஞ்சு படபடத்து, வகுப்பிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. குளிசை பசியை மறைத்துவிடும். பசி தெரியாதபோது விரதம் லேசாகத்தான் இருக்கும், உடம்பு மட்டும் காய்ந்துகொண்டே போகும். இந்த வருடம் வைத்தியரிடம் கேட்டு, பால், பழம், இளநீர் எடுத்துப் பிடித்தேன். முருகன் கோபிக்கமாட்டான்.


வாடைக்காற்று
செவ்வாய், மாலை 6.30

மருந்தாளர் அண்ணை, உங்கள் கேள்வியைப் படித்ததும் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். புகைப்பழக்கம் இல்லை. ஆனால் இரண்டு வருடமாக ஒற்றைத் தலையிடிக்கு ப்ரொப்ரனலோல் 40 மில்லிகிராம், காலையும் இரவும் எடுக்கிறேன். அது வேறொரு கிளினிக்கில், வேறு வைத்தியர் எழுதித் தந்தது. அதற்கு ஒரு கொப்பி, இதற்கு ஒரு கொப்பி. மனநலக் கிளினிக்குக்கு அந்தக் கொப்பியை நான் கொண்டுபோனதே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை, எனக்குச் சொல்லவும் தோன்றவில்லை. தலையிடிக் குளிசைக்கும் விரலுக்கும் என்ன என்று நினைத்திருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் போன மார்கழியிலும் என் விரல்கள் நன்றாகக் குளிர்ந்தன. வெள்ளையாகவில்லை. வாடைக்காற்று என்று விட்டுவிட்டேன்.


மருந்தாளர்
செவ்வாய், இரவு 10.50

அதுதான் எனக்குக் குறைந்த துண்டு. நன்றி தம்பி.

ப்ரொப்ரனலோல் நல்ல மருந்து. ஒற்றைத் தலையிடி வராமல் தடுக்க உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் குடும்பத்து மருந்துகள் கை கால் விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். ரேனோ உள்ளவர்களுக்கு அதைக் கூட்டிவிடும், இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இரவு எடுத்தது விடிய நாலரைக்கும் உடம்பில் இருக்கும். போன வருடம் அது விரலைக் குளிர வைத்தது, இந்த வருடம் மேலே மெதில்பெனிடேட்டும் சேர்ந்து, ஐப்பசியில் அதன் அளவும் கூடி, மார்கழிக் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. இப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. சரியா என்று சொல்லவேண்டியவர் வைத்தியர்.

மூன்று விஷயம் மட்டும். ப்ரொப்ரனலோலைத் திடீரென்று நீங்களாக நிறுத்தவேண்டாம். நிறுத்தினால் நாடியும் பிறசரும் ஒரேயடியாகத் துள்ளும், அதை வைத்தியர் படிப்படியாகக் குறைக்கவேண்டும். இரண்டாவது, மூன்று கிழமை காத்திருக்காமல் முந்திப் போங்கள், இரண்டு கொப்பியையும் கொண்டுபோங்கள். மூன்றாவது, பழியைக் குளிசைகளின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். ரேனோ சிலருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், தோலை இறுக்கும் ஸ்கிளெரோடெர்மா போன்ற வருத்தங்களின் முதல் அறிகுறியாகவும் வரும். முப்பது வயதுக்குப் பிறகு புதிதாக வந்தால் இரத்தப் பரிசோதனை கேட்பது நல்லது. விரல் நுனியில் புண் வந்தால் அல்லது நிறம் திரும்பாமலே இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வல்லிபுரம் ஐயாவுக்கும் ஒன்று சொல்ல ஆசை. மெதில்பெனிடேட்டின் கடைப்பெயர் ரிட்டலின், அது எங்கிருந்து வந்தது தெரியுமா? சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியில் 1944 இல் லியாண்ட்ரோ பனிஸோன் என்ற இரசாயனவியலாளர் இந்த மருந்தை உண்டாக்கினார். அவருடைய மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. ரீட்டாவுக்குப் பிறசர் குறைவு, ரென்னிஸ் ஆடப்போகுமுன் இதை எடுப்பார் என்று சொல்வார்கள். அவர் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஊக்க மருந்து பலன் தருவதைக் கண்டதும் ஒரு தலையிடியால்தான். 1937 இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர், முதுகுத்தண்டு நீரை எடுத்துச் செய்த பரிசோதனைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வந்த தலையிடிக்காக பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலையிடி பெரிதாகக் குறையவில்லை, பிள்ளைகள் பாடத்தில் இருந்து படிக்கத் தொடங்கினார்கள். இந்த வகை மருந்தை எடுத்தால் உடம்பில் என்ன நடக்கும் என்பதுதான் முதலில் தெரிந்தது. மூளைக்கான பலன் பிறகு வந்தது. ஆகவே உடம்பைப் பற்றிக் கேட்பது தவறே இல்லை ஐயா. உங்கள் தங்கையின் பேரனின் நிறையைப் பார்த்தார்களா, உயரம் அளந்தார்களா? அதைத்தான் நான் கேட்பேன்.


கோண்டாவில் அம்மா
புதன், காலை 9.15

உயரம் பற்றி நானும் கேட்க நினைத்தேன். மகன் வகுப்பில் சின்னவன். குளிசையால் வளர்த்தி நிற்குமா?


மருந்தாளர்
புதன், மதியம் 1.20

நிற்காது அக்கா, ஆனால் சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மெதுவாகும். அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளை மூன்று வருடம் கவனித்தபோது, கிழமையில் ஏழு நாளும் இடைவிடாமல் எடுத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 2 சென்ரிமீற்றர் உயரமும் 2.7 கிலோ நிறையும் குறைவாக இருந்தார்கள். பிரித்தானிய வழிகாட்டி, பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுக்கவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளக்கவும், அதே ஆறு மாதத்தில் நாடியும் பிறசரும் பார்க்கவும் சொல்கிறது. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள், போதும்.

சாப்பாட்டுக்கு ஒரு வழி. குளிசை ஏறுமுன் காலையில் வயிறு நிறையக் கொடுங்கள். மத்தியானம் கட்டாயப்படுத்தவேண்டாம். பின்னேரம் குளிசை இறங்கும்போது பசி திரும்பி வரும், அந்த நேரம் புட்டோ முட்டையோ தயாராக இருக்கட்டும். எங்கள் ஊரில் அந்த நேரத்தில்தான் பிள்ளை ரியூசன் கொட்டகையில் இருக்கிறது, அதுதான் கஷ்டம்.


வல்லிபுரம்
புதன், மாலை 5.00

உயரமும் நிறையும் எழுதி வைக்கவில்லையாம். தங்கைக்குச் சொல்லிவிட்டேன், நாளைக்கு அளக்கிறார்கள். மருந்தாளர் தம்பி, விளக்கமாக எழுதியதற்கு நன்றி.


ஸ்காபரோவில் சுன்னாகத்தான்
வியாழன், காலை 8.40

கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே குளிர்காலத்தில் விரல் வெள்ளையாவது எனக்கும் உண்டு, கையுறை போட்டால் அடங்கும். யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியலில்கூட 22, 23 பாகைதான் இருக்கும். அந்தக் குளிருக்கே வருகிறது என்றால் தம்பி கட்டாயம் காட்டவேண்டும்.

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். முன்பு நான் கொன்சேர்ட்டா எடுத்தேன், அது பகல் முழுக்க வேலை செய்யும் மெதில்பெனிடேட் குளிசை. ஒருநாள் மலத்தோடு முழுக்குளிசை வெளியே வந்தது. மருந்து உடம்பில் சேரவே இல்லையென்று பதறிப்போனேன். அது வெறும் கோது. அந்தக் குளிசைக்குள் தண்ணீர் ஊறி, உள்ளிருக்கும் மருந்தை ஒரு சின்னத் துளையால் மெதுமெதுவாக வெளியே தள்ளும். மேற்பூச்சில் 22 வீதம் உடனே கரையும், மிச்சம் 78 வீதம் பகல் முழுக்க வரும். கோது கரையாது, அப்படியே போய்விடும். ஊரில் யாருக்காவது உறவினர் இதை அனுப்பினால் உடைத்தோ அரைத்தோ கொடுக்கவேண்டாம், முழு நாள் மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். வைத்தியருக்குத் தெரியாமல் அனுப்பவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இப்போது எடுப்பது வைவான்ஸ் என்ற மருந்து. இது அம்பெட்டமின் என்ற வேறு ஊக்க மருந்தின் வகை, மெதில்பெனிடேட் இல்லை. சிறுநீர் புளிப்பாக இருந்தால் அம்பெட்டமின் சீக்கிரம் வெளியேறும். நெல்லிச்சாற்றைப் போத்தல் போத்தலாகக் குடித்தவன் நான். மத்தியானத்தோடு மருந்து இறங்குவதாகத் தோன்றும். குறைத்த பிறகு நேரம் நீண்டது. மெதில்பெனிடேட் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை, அவர்கள் நெல்லியை விடவேண்டாம்.


நெடுந்தீவுக் குதிரை
வியாழன், இரவு 11.55

கேட்க வெட்கமாக இருக்கிறது. 26 வயது, ஆண். குளிசை ஏறியிருக்கும் நேரத்தில் கை கால் குளிர்வது போல ஆணுறுப்பும் சுருங்கிக் குளிர்ந்துபோகிறது. சிறுநீர் கழிக்கவும் கொஞ்சம் நின்று காத்திருக்கவேண்டியிருக்கிறது. பின்னேரம் எல்லாம் சரியாகிவிடும். வைத்தியர் ஒரு பெண், கிளினிக்கில் பக்கத்தில் ஆட்கள் வேறு. எப்படிச் சொல்வது?


மருந்தாளர்
வெள்ளி, காலை 6.30

வெட்கப்பட ஒன்றுமில்லை தம்பி. விரலில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. குழாய் சுருங்குகிறது, மருந்து இறங்கத் திறக்கிறது. சிறுநீர்ப்பையின் வாயில் உள்ள தசையும் நோர் அட்ரினலினுக்கு இறுகும். பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் அளவை மாற்ற இது போதுமான காரணம்.

இதற்கு நேர் எதிரானது ஒன்று உண்டு, அது ஆபத்து. மெதில்பெனிடேட் எடுப்பவர்களில் மிக அபூர்வமாக, விறைப்பு வந்து இறங்காமலே நின்றுவிடும். 2013 மார்கழியில் அமெரிக்காவில் எச்சரிக்கை விட்டார்கள். நான்கு மணித்தியாலத்தைத் தாண்டினால் நிரந்தரப் பாதிப்பு வரலாம். இது சிறுவர்களுக்கும் வரலாம், அவர்கள் வெட்கத்தில் சொல்லமாட்டார்கள், ஆகவே தகப்பன்மார் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவு. வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ்.

எப்படிச் சொல்வதென்று கேட்டீர்கள். ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். வைத்தியர் வாசிப்பார். பாமசியில் என்னிடமும் பலர் அப்படித்தான் கேட்கிறார்கள்.


பூவரசு
வெள்ளி, மாலை 4.10

துண்டு யோசனை நல்லது. நானும் நகத்தோல் விஷயத்தை அப்படித்தான் கொடுக்கப்போகிறேன். இரண்டு வருடமாகக் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் வைத்தியரோடு கதைத்திருக்கிறேன்.


நெடுந்தீவுக் குதிரை
சனி, இரவு 8.00

நன்றி அண்ணை. எழுதிவிட்டேன். எட்டு வரி வந்தது.


வாடைக்காற்று
ஐந்து கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, காலை 7.15

எல்லோருக்கும் சொல்லவேண்டிய கடன் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமையே இரண்டு கொப்பியோடும் போனேன். எந்த நாள், எத்தனை மணி, எந்த விரல், எத்தனை நிமிடம் என்று எழுதிய தாளையும், வெள்ளையாக இருக்கும்போது போனில் எடுத்த படத்தையும் காட்டினேன். வைத்தியர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதைக் கொண்டுவந்தது நல்லது, இஞ்ச வரேக்க கை வழமையாத்தான் இருக்கும்" என்றார். தலையிடி வைத்தியருக்குக் கடிதம் தந்தார். ப்ரொப்ரனலோலைப் படிப்படியாகக் குறைத்து, இரண்டு கிழமைக்கு முன் முற்றாக நிறுத்தி, வேறு மருந்து தந்திருக்கிறார்கள். மெதில்பெனிடேட்டை ஒவ்வொரு வேளைக்கும் 15 ஆக்கினார்கள். இரத்தப் பரிசோதனையில் எதுவும் இல்லை, ஈசிஜியும் நன்றாக இருந்தது. பிறசர் மட்டும் பழையதைவிடக் கொஞ்சம் கூட, அதைக் கிழமைக்கு ஒருமுறை பார்த்து எழுதச் சொன்னார்.

15 இல் கணக்கு வேலை 20 இல் இருந்த அளவுக்கு ஓடவில்லை, அது உண்மை. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு கண் யன்னலுக்குப் போகிறது. வேலைத்தலத்தில் மேசையை ஏசிக்கு மறுபக்கம் மாற்றித் தந்தார்கள். குளிர் என்று மட்டும்தான் சொன்னேன். காரணத்தைச் சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

தலையிடி ஒருமுறை வந்தது. இன்று விடியக் கிணற்றில் பன்னிரண்டு வாளி அள்ளிக் குளித்தேன். அம்மா துவாயோடு பக்கத்தில் நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை அப்படியே இருந்தது. இடது சின்னவிரலின் நுனி மட்டும் வெளிறி, மூன்று நிமிடத்தில் திரும்பியது. அதையும் எழுதியிருக்கிறேன். அடுத்த கிளினிக் 14 ஆம் திகதி.


கோண்டாவில் அம்மா
ஞாயிறு, காலை 8.30

சந்தோஷம் தம்பி. நாங்களும் கதவு நிலையில் கோடு போட்டாயிற்று, 131 சென்ரிமீற்றர். மகன் தானே பென்சிலை எடுத்துத் திகதி எழுதினான். பக்கத்தில் ஓர் எறும்பைக் கீறி, அதைக் குறுக்கே வெட்டியும் விட்டான்.